மரப்பு மருந்துகள்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடப்படும் ஊசி, காயத்திற்குத் தையல் போடுமுன் அதன் ஓரங்களில் செலுத்தப்படும் மருந்து, அறுவைப் பிரசவத்தின்போது முதுகில் போடப்படும் ஊசி, கண்புரை அறுவைக்கு முன் விடப்படும் சொட்டு மருந்து ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மருத்துவ நூல்கள் இவற்றை இட உணர்வகற்றிகள் என்று குறிப்பிடுகின்றன. மக்கள் வழக்கில் மரத்துப்போகும் ஊசி, மரப்பு ஊசி என்று பெயர். உடலின் ஒரு பகுதியை மட்டும் சிறிது நேரத்திற்கு வலி உணராதபடி செய்வது இவற்றின் பணி. இம்மருந்தை மட்டும் பெறும் நோயாளி விழித்திருப்பார், பேசுவார், தாமாகவே மூச்சு விடுவார்.

முழு மயக்கத்திற்கும் இதற்கும் உள்ள இவ்வேறுபாடு பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவருக்கு 'மயக்க ஊசி தாங்காது' என்று கருதி, தேவையான அறுவையையே குடும்பத்தினர் தள்ளிப்போடுவதுண்டு. சர்க்கரை நோயினால் பாதத்தில் ஏற்பட்ட புண்ணைத் துப்புரவு செய்வதற்குப் பல வேளைகளில் கணுக்காலைச் சுற்றியுள்ள நரம்புகளை மட்டும் மரக்கச் செய்தாலே போதுமானது. அதனைத் தள்ளிப்போடும் நாள்களில் புண் ஆழமாகிக்கொண்டே போகும். எனவே, 'முழு மயக்கம் தேவையா, அப்பகுதியை மட்டும் மரக்கச் செய்ய இயலுமா?' என்று மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

இம்மருந்துகள் செயல்படும் விதம்

வலி, நரம்பு இழைகளின் வழியே மின் துடிப்பாக மூளைக்குச் செல்லும் ஒரு செய்தி. அத்துடிப்பு முன்னேற வேண்டுமானால், நரம்பின் மெல்லிய உறையிலுள்ள நுண் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். மரப்பு மருந்து நரம்புக்குள் நுழைந்து, அவ்வாயில்களை உட்புறமிருந்து அடைத்துவிடுகிறது. காயம் அங்கேயே இருக்கும். ஆனால் அதன் செய்தி மூளையைச் சென்றடையாது. மருந்து இரத்தத்தில் கலந்து அவ்விடத்தை விட்டு அகன்றதும் வாயில்கள் மீண்டும் இயங்குகின்றன, உணர்வும் திரும்புகிறது.

வலியைக் கடத்தும் மெல்லிய இழைகள் எளிதில் அடைபடுகின்றன. அழுத்தத்தையும் தொடுதலையும் கடத்தும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடைபடுவதில்லை. ஆகவேதான், பல்லைப் பிடுங்கும்போது இழுப்பதும் அசைப்பதும் தெரிகிறது. அறுவைப் பிரசவத்தில் வயிற்றை அழுத்துவது தெரிகிறது. இதனைக் கண்டு 'மருந்து பிடிக்கவில்லை' என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கூர்மையான வலி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். மேலும் மருந்து கொடுக்கவோ வேறு முறைக்கு மாறவோ வழியுண்டு.

சில இடங்களில் மருந்து உண்மையாகவே சரியாகப் பிடிப்பதில்லை. சீழ் கட்டிய திசு அமிலத்தன்மை மிகுந்தது. அச்சூழலில் மருந்தின் பெரும்பகுதி நரம்பின் உறையைக் கடந்து செல்ல இயலாத வடிவத்திற்கு மாறிவிடுகிறது. வீங்கிச் சீழ் பிடித்த பல்லை அன்றே பிடுங்காமல் மருத்துவர் சில நாள்கள் கழித்து வரச் சொல்வதற்கும், சீழுக்கு அருகே ஊசி போடாமல் சற்றுத் தொலைவில் நரம்பு புறப்படும் இடத்தில் போடுவதற்கும் இது ஒரு காரணம்.

1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரின் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டு வலியின்றி அறுவை செய்யலாம் எனக் காட்டியதிலிருந்து இத்துறை தொடங்குகிறது. கோகெயின் நச்சுத்தன்மையும் அடிமைப்படுத்தும் இயல்பும் கொண்டது. அதற்கு மாற்றாகச் செயற்கை மருந்துகள் உருவாக்கப்பட்டன. 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகைன், நம் மருத்துவமனைகளில் லிக்னோகைன் என்ற பெயரில் இன்றும் மிகுதியாகப் பயன்படுகிறது. அது சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நீடிக்கும். பூபிவகைன் மெதுவாகத் தொடங்கும். பல மணி நேரம் நீடிக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சிறிதளவு சேர்த்தால் மருந்து அவ்விடத்திலேயே நெடுநேரம் தங்கும். இரத்தக் கசிவும் குறையும். ஊசி போட்ட சில நொடிகளில் நெஞ்சு படபடப்பதற்கு இந்த அட்ரினலின் காரணமாக இருக்கலாம். சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும்.

எங்கெல்லாம் பயன்படுகின்றன?

தோலின் மேற்பரப்பிற்குக் களிம்பு உண்டு. அடிக்கடி ஊசி போட வேண்டிய குழந்தைகளுக்கு லிக்னோகைனும் பிரிலோகைனும் கலந்த களிம்பைப் பூசி, மேலே ஒட்டுப்படலத்தால் மூடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டால் வலி வெகுவாகக் குறையும். சிறுநீர்க் குழாய் செருகும்போது பயன்படும் கூழ்மமும் இவ்வகையே. அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் எரிச்சல் வலிக்கு லிக்னோகைன் ஒட்டுப்பட்டை பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாக அதனை 12 மணி நேரம் ஒட்டி, அடுத்த 12 மணி நேரம் அகற்றிவைக்க வேண்டும். கொப்புளம் உடைந்த தோலின்மீது ஒட்டக்கூடாது.

கை முறிவு அறுவைக்குக் கழுத்தின் பக்கத்திலோ அக்குளிலோ ஊசி போட்டு முழுக் கையையும் மரக்கச் செய்யலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்குத் தொடையின் மேற்பகுதியில் போடப்படும் நரம்பு ஊசி, அறுவைக்கு முன்பே வலியைத் தணிக்கிறது. அதனால் குழப்பத்தையும் மலச்சிக்கலையும் உண்டாக்கக்கூடிய வலுவான வலி மருந்துகளின் தேவை குறைகிறது. தோள்பட்டை இறுக்கத்திற்கு மூட்டுக்குள் போடப்படும் ஊசியில் ஸ்டீராய்டுடன் மரப்பு மருந்தும் கலந்திருப்பதுண்டு. முதல் சில மணி நேர நிம்மதி மரப்பு மருந்தினால் கிடைப்பது. அது தீர்ந்ததும் வலி திரும்பலாம். ஸ்டீராய்டு பலன் தரச் சில நாள்கள் ஆகும். இது தெரியாமல், மறுநாளே 'ஊசி வீண்' என்று மனம் தளர்வோர் பலர். லிக்னோகைன் வலியோடு நின்றுவிடுவதும் இல்லை. இதயத்தின் கீழறைகளில் எழும் ஆபத்தான துடிப்புக் கோளாறைச் சீராக்க அதனை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு.

தேள் கொட்டியவருக்குக் கொட்டிய இடத்தில் அட்ரினலின் கலவாத லிக்னோகைன் போட்டால் தாங்க முடியாத வலி விரைவில் அடங்கும். ஆனால் அந்த ஊசி நஞ்சை முறிப்பதில்லை. செந்தேளின் நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. வலி நின்றுவிட்டது என்று குழந்தையை வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிடக்கூடாது. மிகுதியான வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றுகின்றனவா என மருத்துவமனையிலேயே கண்காணிக்க வேண்டும். அறிகுறி தோன்றினால் பிரசோசின் மாத்திரை உள்ளிட்ட சிகிச்சை உடனே தேவை.

முதுகில் போடப்படும் ஊசி

அறுவைப் பிரசவம், குடலிறக்கம், மூட்டு மாற்றம் போன்றவற்றுக்கு இடுப்புப் பகுதியில், தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே, மெல்லிய ஊசியால் தண்டுவட நீருக்குள் சிறிதளவு மருந்து செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் கால்கள் கனத்துச் சூடேறுவது போல் தோன்றும். பின்னர் அசைக்க இயலாது. பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அசைவு திரும்பும். பேறுகால வலியைத் தணிக்க இடும் எபிடியூரல் சற்று வேறானது: தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, தேவைக்கேற்பக் குறைந்த செறிவில் மருந்து கொடுக்கப்படும்.

'முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் இடுப்பு வலி' என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட கூற்று. ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் நோவு இருப்பது இயல்பே. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு இவ்வூசி காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. கருவுற்ற காலத்தில் இடுப்பு மூட்டுகளும் தசைநார்களும் தளர்வது, வயிற்றுத் தசை வலுவிழப்பது, குழந்தையைத் தூக்கிக் குனிந்து பாலூட்டுவது ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. ஊசியின்றி இயல்பாகப் பிரசவித்த பெண்களுக்கும் இவ்வலி வருவது கண்கூடு. ஊசியைக் குறை சொல்லிவிட்டு அமைந்துவிட்டால், உடற்பயிற்சியாலும் அமரும் முறையாலும் தீரக்கூடிய வலிக்குச் சிகிச்சை கிடைக்காமலே போய்விடும்.

உண்மையாகவே இவ்வூசியால் வரக்கூடியது ஒரு வகைத் தலைவலி. எழுந்து அமர்ந்தால் மிகும், படுத்தால் தணியும். ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது இது. மெல்லிய ஊசிகள் வந்தபின் குறைந்துள்ளது. 'பிரசவித்தவளுக்குத் தலைவலி இயல்பு' என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவித்தால், மருந்தாலும், தணியாவிடில் வேறு சிறு சிகிச்சையாலும் குணப்படுத்தலாம்.

எடையை ஏன் கேட்கிறார்கள்?

அட்ரினலின் கலவாத லிக்னோகைனின் உச்ச அளவு, பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 225 மி.கி.; 2 விழுக்காடு கரைசலில் அது ஏறத்தாழ 11 மி.லி. மட்டுமே. இவ்வளவு மீறினாலோ, தவறி நேரடியாக இரத்தக் குழாய்க்குள் சென்றாலோ மருந்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். வாயைச் சுற்றி மரத்தல், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். பிறகு வலிப்பும் இதயத் துடிப்புத் தடையும் நேரலாம். ஊசி போட்டபின் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். இதற்குக் கொழுப்புக் கரைசல் செலுத்துவது உள்ளிட்ட சிகிச்சை முறைகள் உள்ளன.

களிம்புதானே என்று எண்ணுவதும் ஆபத்து. அமெரிக்காவில் லேசர் சிகிச்சைக்கு முன் கால்களில் மரப்புக் களிம்பை மிகுதியாகப் பூசி மூடிவைத்த இளம் பெண்கள் இருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007-இல் எச்சரிக்கை வெளியிட்டது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் மரப்புக் கூழ்மம் தடவக்கூடாது. விழுங்கிய மருந்தால் வலிப்பு வரலாம். ஈறு வலிக்குச் சுத்தமான விரலால் மெல்லத் தேய்ப்பதே போதும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தையும் வீட்டில் பயன்படுத்தவே கூடாது. தூசி விழுந்த கண்ணுக்கு மீண்டும் மீண்டும் அதை விட்டால் கருவிழி ஆறாமல் புண்ணாகிப் பார்வை பாதிக்கப்படும்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர், முதுகில் ஊசி போடுமுன் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தண்டுவடத்தருகே இரத்தக் கட்டு உருவாகிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆயினும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதனால் மாரடைப்பே வரலாம். எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். இதயத் துடிப்புக் கோளாறு, கல்லீரல் நோய், வலிப்பு நோய் ஆகியவற்றையும் சொல்லுங்கள். முன்பு 'ஊசி ஒத்துக்கொள்ளவில்லை' என்றால், அன்று நடந்தது என்ன என்று விவரியுங்கள். மயங்கி விழுந்ததும் படபடத்ததும் பெரும்பாலும் அச்சத்தினாலோ அட்ரினலினாலோ நேர்ந்தவை. உடல் முழுவதும் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை வந்திருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். லிக்னோகைனுக்கு உண்மையான ஒவ்வாமை மிகவும் அரிது.

முதுகு ஊசிக்கும் பெரிய நரம்பு ஊசிக்கும் வெறும் வயிறு தேவை; பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்திற்கு முன்பே நிறுத்தப்படும். பல் மருத்துவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சர்க்கரை நோயாளி மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினியாகப் பல் பிடுங்கச் செல்வது தாழ்சர்க்கரையில் முடியும். கருவுற்றவரும் பாலூட்டும் தாயும் பல் சிகிச்சைக்கு லிக்னோகைன் பெறுவதற்குத் தடையில்லை.

ஊசிக்குப் பின்

மரத்த உறுப்பு தன்னைக் காத்துக்கொள்ளாது. குழந்தைகள் மரத்த உதட்டையும் கன்னத்தையும் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்வு திரும்பும் வரை உணவு தராமல் அருகிலிருந்து கவனியுங்கள். மரத்த கைக்குத் தூளிக் கட்டு அவசியம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. முதுகு ஊசிக்குப் பின் முதல் முறை எழும்போது ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். மரப்பு தீரும்போது வலி திடீரென்று பெருகும். ஆகவே, பரிந்துரைத்த வலி மாத்திரையை உணர்வு திரும்பத் தொடங்கும்போதே உட்கொள்ளுங்கள்.

பல் ஊசியின் மரப்பு மறுநாளும் நீடித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகு ஊசிக்குப் பின் கால்களில் உரிய நேரத்தில் அசைவு திரும்பாமை, திரும்பிய அசைவு மீண்டும் குறைதல், சிறுநீர் கழிக்க இயலாமை, காய்ச்சலுடன் கடும் முதுகு வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். தொலைவில் இருந்தால் 108 ஊர்தியை அழைத்து, முதுகில் ஊசி போட்ட நாளையும் நேரத்தையும் தெரிவியுங்கள்.