கூரை மாத்துறீங்களா? ரிட்ஜ் வென்ட்டையும் கேளுங்க

அமெரிக்காவுல முதல் வீடு வாங்கப் போறீங்களா? இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல "அட்டிக்ல காற்றோட்டம் போதாது"ன்னு ஒரு வரி இருந்தா தாண்டிப் போயிடாதீங்க. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற இடம்தான் அட்டிக். குளிர்காலத்துல குளியல், சாம்பார் கொதிக்கிற ஆவி எல்லாம் அங்கே ஏறி, சில்லுன்னு இருக்கிற கூரைப் பலகையில தண்ணியா படியும். முதல்ல பூஞ்சை, அப்புறம் பலகையே உளுத்துப்போகும். மெதுவா வர்ற இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது.

முகடு நெடுக ஒரு பிளவு வெட்டி, மழை புகாத மூடி போடுறதுதான் ரிட்ஜ் வென்ட். அட்டிக் 1,500 சதுர அடின்னா, பொதுவா அதுல 300-ல் ஒரு பங்கு, அதாவது 5 சதுர அடி திறப்பு வேணும். பாதி முகட்டுல, பாதி கீழே இறவாரத்துல இருக்கிற சாஃபிட் வென்ட்ல. கோட்டை விடுறது இங்கதான்: சாஃபிட்டை இன்சுலேஷன் அடைச்சிருந்தா மேலே போட்ட காசு வீண்.

இதுக்குன்னு தனியா ஆள் கூப்பிட்டா கூலி எகிறும். ஷிங்கிள் மாத்தும்போதே சேர்த்துப் போட்டுடுங்க. வீடு இன்னும் கைமாறலைன்னா, கொட்டேஷன் வாங்கிக் காட்டி, விற்கிறவர்கிட்ட விலையில கழிக்கச் சொல்லலாம். கூரைக்காரர் வந்ததும் முதல் கேள்வி: "சாஃபிட்டைப் பார்த்தீங்களா?"