நாலு குச்சிக்குள் நம் இன்சூரன்ஸ் பணம்

"அக்கா, எங்க வயல்ல ஒரு மூட்டைகூடத் தேறல. பக்கத்து ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் வந்துட்டுதாம். எங்களுக்கு மட்டும் ஏன் வரல?"

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இழப்பீட்டுப் பட்டியல் வருகிற நாளெல்லாம் இந்தக் கேள்வியும் கவுண்டருக்கு வந்துவிடும். கேட்பவர் பொய் சொல்லவில்லை, அவர் வயல் போனது உண்மைதான். ஆனால் பயிர்க் காப்பீடு அவர் வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. அவர் ஊரைப் பார்த்துத் தருகிறது. பணம் கட்டும் அன்றே இதை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். கடைசித் தேதி நெருங்கி வரிசை வாசலைத் தாண்டும்போது அதற்கு யாருக்கு நேரம்?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். குறுவைக்கு 2 விழுக்காடு. வாழை, கரும்பு போன்றவற்றுக்கு 5 வரை போகும். மீதிப் பிரீமியத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. முன்பு பயிர்க்கடன் வாங்கினால் காப்பீடும் கட்டாயம். 2020 காரீப் பருவத்திலிருந்து அது அவரவர் விருப்பம்.

இழப்பீட்டுக் கணக்கு இப்படி. ஒரு வருவாய்க் கிராமத்தின் கடந்த 7 ஆண்டு விளைச்சலில் நல்ல 5 ஆண்டுகளை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அது ஏக்கருக்கு 30 மூட்டை என்று கொள்வோம். அதில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். 80 என்றால் 24 மூட்டை. இந்த வருஷம் ஊரின் சராசரி 18 மூட்டைக்கு இறங்கினால், 24-க்கு 6 குறைவு, அதாவது கால்வாசி. காப்பீட்டுத் தொகையிலும் கால்வாசி, ஏக்கருக்கு 9,000 ரூபாய், பதிவு செய்த எல்லோருக்கும் கிடைக்கும். மேட்டில் நன்றாக விளைந்தவருக்கும் அதே 9,000. ஊர்ச் சராசரி 24-ஐத் தொட்டுவிட்டால் பள்ளத்தில் மூழ்கியவருக்கு ஒரு ரூபாயும் இல்லை.

இது அநியாயமாகத் தெரியும். ஆனால் காரணம் இல்லாமல் வந்த முறையில்லை. 1972-ல் குஜராத்தில் பருத்திக்கு வயல் வயலாகக் காப்பீடு செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஆள் அனுப்பி இழப்பை அளக்கிற செலவு தாங்கவில்லை. பிறகு பொருளாதார அறிஞர் தாண்டேகரின் யோசனைப்படி 1979-ல் வட்டார முறை சோதனைக்கு வந்தது. ஒரே மழை, ஒரே மண், ஒரே ஆற்றுப் பாசனம் என்றிருக்கும் இடத்தை ஓர் அலகாக வைத்தால் நாலைந்து வயலை அளந்தால் போதும் என்பது கணக்கு. அதற்கும் வெகு முன்பே, 1920-ல், மைசூர் சமஸ்தானத்தில் ஜே.எஸ்.சக்கரவர்த்தி மழையளவை வைத்தே காப்பீடு கொடுக்கலாம் என்று ஒரு புத்தகமே எழுதியிருந்தார்.

இந்த முறை வறட்சிக்குப் பொருந்தும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. காய்ச்சல் மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பதில்லை, ஊருக்கு ஊர் மொத்தமாகக் கருகியது. தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு 3,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வந்தது. வெள்ளம் அப்படியில்லை. அது வடிகால் தூர்ந்த பக்கத்தைத் தேடிப்போய் நிற்கும். டெல்டாவில் நமக்கு அடிக்கடி வருவதும் வெள்ளம்தான்.

சரி, ஊரின் மகசூலை யார், எங்கே, எப்படி அளக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வதுதான் விவசாயி கையில் இருக்கிற பலம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் இது நடப்பதே தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

அதன் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் போன்ற முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது 4 இடத்தில் செய்யவேண்டும். எந்த சர்வே எண், வயலில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் எண் தீர்மானிக்கும். "இங்க நல்லா இருக்கு, இங்க வைங்க" என்று யாரும் கை காட்ட முடியாது, காட்டவும் கூடாது. வயலின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, குறித்த அடி நீளவாக்கில், குறித்த அடி அகலவாக்கில் நடந்து முதல் குச்சியை ஊன்றுவார்கள். அங்கிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம். நாலு குச்சி, சுற்றிலும் கயிறு. உள்ளே இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, தராசில் வைப்பார்கள். செயலியில் படமும் எடையும் ஏறும்.

கட்டத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் அப்படி 400 கட்டம் அடங்கும். தராசில் ஒரு கிலோ கூடினால் அந்த வயலின் கணக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். 4 பரிசோதனைக்குச் சராசரி போட்டால் ஊருக்கே ஹெக்டேருக்கு 100 கிலோ, ஏக்கருக்கு 40 கிலோ. மேலே சொன்ன 24 மூட்டை, 60 கிலோ சிப்பமாக, 1,440 கிலோ. அதில் 40 கிலோ என்பது காப்பீட்டுத் தொகையில் 1,000 ரூபாய். ஒரே கட்டத்தில் ஒரு கிலோ பிசகினால் ஊரில் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஆயிரம் ரூபாய் போகும், அல்லது வரும். கயிறு ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் நீண்டால்கூட விளைச்சல் ஒன்பது விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஓரத்தில் சாய்ந்த பயிரைப் பாருங்கள். வேர் உள்ளே இருந்தால்தான் அது கட்டத்துக்குச் சொந்தம். கதிர் மட்டும் உள்ளே விழுந்திருந்தால் சேர்க்கக்கூடாது. தூற்றாமல் பதரோடு நிறுத்தால் அதுவும் மகசூலாகிவிடும்.

அதனால், பரிசோதனை என்றைக்கு என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். வயல்காரர் மட்டுமில்லை, ஊரில் நாலு பேர் வரப்பில் போய் நில்லுங்கள். சண்டை வேண்டாம். டேப்பை நீங்களும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், எடையை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் சொந்தத் தராசையே தூக்கிக்கொண்டு போவார். அலுவலர்கள் முகம் சுளித்ததில்லை. நேர்மையாகச் செய்கிறவருக்கு அது துணையாகத்தான் இருந்தது. 2023 முதல் நெல்லுக்குச் செயற்கைக்கோள் சார்ந்த கணிப்புக்கும் குறைந்தது 30 விழுக்காடு எடை தருகிறார்கள். மீதி இன்னும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

பதிவிலேயே பணம் போகிற இடங்களும் உண்டு. குடியிருப்பது ஒரு வருவாய்க் கிராமம், நிலம் இருப்பது வேறு கிராமம் என்பது டெல்டாவில் சாதாரணம். விண்ணப்பத்தில் நிலம் இருக்கிற கிராமம்தான் வரவேண்டும். அடங்கலில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும், 0.40.5 என்றால் ஓர் ஏக்கர். ரசீதைக் கையில் வாங்கியதும் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ நின்றபடியே சர்வே எண்ணையும் பரப்பையும் ஒத்துப்பாருங்கள். கோவில் நிலமும் மடத்து நிலமும் குத்தகைக்குச் செய்கிறவர்களும் சேரலாம், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் அவர்கள் பெயருக்கு வேண்டும். வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிலத்துக்காரர் பெயரில் இழப்பீடு போய், உழுதவர் வெறுங்கையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான்.

காப்பீட்டுத் தொகை என்பது சாகுபடிச் செலவை ஒட்டியது, லாபத்தை அல்ல. ஆகவே பள்ளக்காலில் மூழ்கலைத் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 விதைப்பதும், ஐப்பசிக்கு முன்னால் வடிகால் வாய்க்காலை வெட்டிவிடுவதும் பிரீமியம் கட்டியதால் தேவையற்றுப் போகாது.

பள்ளக்கால்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத் தேக்கம் போன்ற இழப்புக்குத் தனி வயலையே பார்த்துப் பணம் தரும் பிரிவு ஒன்று திட்டத்தில் உண்டு. 2018-ல் வெள்ளத் தேக்கத்துக்கான அந்தச் சலுகையிலிருந்து நெல்லை எடுத்துவிட்டார்கள். 2026 காரீப் முதல் நெல்லை மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. காட்டு விலங்குகளால் வரும் சேதத்தையும் அதே அறிவிப்பில் சேர்த்தது. நம் மாவட்டத்துக்கு, நம் பருவத்துக்கு அது அறிவிக்கை ஆகியிருக்கிறதா என்று பணம் கட்டும்போதே கேளுங்கள். ஆகியிருந்தால், தண்ணீர் ஏறிய 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் வயலில் நின்றபடியே படம் எடுத்துப் பதியுங்கள், இல்லையென்றால் 14447-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி ரசீதின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.