கேமரா இளைத்தால் ட்ரைபாடும் இளைக்கலாமா?

பொழுது விடியும் நேரத்தில் சிங்கப்பூரின் பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவுக்குப் போனால், காலாங் ஆற்றங்கரையில் யாராவது கேமராவோடு நின்றுகொண்டிருப்பார்கள். 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடந்த கான்கிரீட் கால்வாய், 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டு 2012-ல் திறக்கப்பட்டது. நீர்நாய்களும் நாரைகளும் அங்கே தேடி வருகின்றன. ஓடித் திரியும் நீர்நாயைப் படமெடுக்க வேகமான ஷட்டர் வேண்டும். ட்ரைபாட் அதற்குப் பெரிதாக உதவாது. கரையோரம் அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையின் கதை வேறு. அந்த மங்கலான வெளிச்சத்தில் ஷட்டர் ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரமாவது திறந்திருக்க வேண்டும். நீண்ட லென்ஸைப் பிடித்த கை அதுவரை ஆடாமல் இருப்பது அரிது.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களின் வரிசையை 2008-ல் பானசோனிக் ஜி1 தொடங்கி வைத்தது. பழைய கேமராக்களின் உள்ளே ஒளியைத் திருப்பிவிட்ட கண்ணாடி போனதும் கேமராவின் பருமனும் எடையும் குறைந்தன. சோனி ஏ6400-ன் எடை பேட்டரியோடு 403 கிராம். அதோடு விற்கப்படும் 16-50 மி.மீ. லென்ஸ் 116 கிராம். அரைக் கிலோ கேமராவுக்கு எந்த ட்ரைபாடும் போதுமே என்று தோன்றுவது இயல்பு. மலிவான, மெலிந்த ட்ரைபாடை வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எடை அல்ல, கோணம்

படம் கலங்குவதற்குக் காரணம் கேமராவின் எடை அல்ல. ஷட்டர் திறந்திருக்கும்போது அது எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பதுதான். ஏ6400 போன்ற 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.9 மைக்ரான். 16 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் நகர, கேமரா ஒரு டிகிரியில் ஏறத்தாழ 70-ல் ஒரு பங்கு திரும்ப வேண்டும். 200 மி.மீ. லென்ஸில் 900-ல் ஒரு பங்கு திரும்பினாலே போதும். ஆங் மோ கியோ அவென்யூ 2-ல் உள்ள வட்ட வடிவ புளோக் 259-ஐ அகலக் கோணத்தில் எடுப்பவருக்கு ஒத்துவரும் ட்ரைபாட், ஆற்றங்கரை நாரையை எடுப்பவரைக் கைவிட்டுவிடலாம். எனவே ட்ரைபாடைத் தீர்மானிப்பது உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸ்தான்.

தடிமனின் கணக்கு

மூன்று கால் என்பதே நல்ல ஏற்பாடு. நான்கு கால் கொண்ட காப்பிக்கடை மேசை ஆடினால் அட்டையை மடித்து அடியில் செருக வேண்டும். மூன்று புள்ளிகளோ எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆற்றங்கரைச் சரிவானாலும் மூன்று காலும் தரையில் பதிந்துவிடும். பிரச்சினை காலின் உடம்பில்தான் இருக்கிறது.

சுவர்த் தடிமன் மாறாத ஒரு குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், வளைவையும் முறுக்கையும் எதிர்க்கும் அதன் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். 22 மி.மீ. குழாய் 16 மி.மீ. குழாயைவிடச் சுமார் 2.6 மடங்கு விறைப்பானது. பயண ட்ரைபாடின் கால் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களால் ஆனது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 மி.மீ. அளவுக்கு மெலிந்துகொண்டே போகும். 22 மி.மீ.-ல் தொடங்கும் நான்கு பகுதிக் கால் 13 மி.மீ.-ல் முடிகிறது என்றால், ஐந்து பகுதிக் கால் 10 மி.மீ.-ல் முடியும். மடித்தால் பைக்குள் அடங்கும் சௌகரியத்துக்கு, அந்தக் கடைசிப் பகுதியில் நாம் கொடுக்கும் விலை அதிகம்.

கால்களின் நடுவே கேமராவை உயர்த்தும் நடுத்தண்டின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பியின் மறுமுனையில் ஒரே அளவு விசை விழுந்தால், அதன் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 10 செ.மீ. உயர்த்திய தண்டை 20 செ.மீ. ஆக்கினால் வளைவு எட்டு மடங்கு. விளம்பரத்தில் வரும் அதிகபட்ச உயரம் பெரும்பாலும் இந்தத் தண்டையும் சேர்த்துச் சொல்வதுதான். மிரர்லெஸ் கேமராக்களில் பலவற்றின் திரை சாய்ந்து திரும்பும். கண்ணைக் கேமராவில் ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. தண்டை ஏற்றாமலே மார்பளவு உயரம் வந்தால் பெரும்பாலான படங்களுக்குப் போதும்.

“8 கிலோ தாங்கும்” என்ற வாசகத்தை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். இந்த எண்ணைக் கணக்கிட எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுவான முறை ஒன்றும் இல்லை. கால் மடங்காமல் தாங்குவது ஒன்று, நடுங்காமல் நிற்பது வேறு.

அலுமினியமா, கார்பனா?

ஜிட்ஸோ நிறுவனம் 1994-ல் கார்பன் இழை ட்ரைபாடை அறிமுகப்படுத்தியது. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், பசையோடு இறுகிய கார்பன் இழைக்குச் சுமார் 1.6. அதே விறைப்பை அது குறைந்த எடையில் தரும். நடுக்கத்தையும் விரைவாக அடக்கும். ஆனால் இரண்டு கைப்பிடி அரிசி அளவு எடைக்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பீக் டிசைன் 2019-ல் கொண்டுவந்த பயண ட்ரைபாடில் அலுமினிய வடிவம் 1.56 கிலோ, கார்பன் வடிவம் 1.27 கிலோ. அறிமுக விலை முறையே சுமார் 350, 600 அமெரிக்க டாலர். 290 கிராம் குறைய 250 டாலர் கூடுதல்.

நாள் முழுக்க மலையேறுபவருக்கு அது நியாயமான செலவு. எம்ஆர்டி-யில் போய் இறங்கிப் படமெடுப்பவருக்கு நல்ல அலுமினியக் கால் போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பில் கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. ஒன்றரைக் கிலோ ட்ரைபாட் அதற்குள் அடங்கும். கடற்கரையில் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பு நீர் பட்ட இடத்தில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். ஈஸ்ட் கோஸ்ட்டிலிருந்து வீடு திரும்பியதும் கால்களை முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவது எந்த ட்ரைபாடுக்கும் ஆயுள் கூட்டும்.

கடையிலேயே ஒரு சோதனை

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் பழைய கேமராக் கடைகளுக்கு உங்கள் கேமராவையும் நீண்ட லென்ஸையும் எடுத்துப் போங்கள். ட்ரைபாடின் கால்களை முழுதாக நீட்டி, தண்டைக் கீழே இறக்கி, கேமராவைப் பூட்டுங்கள். தூரத்தில் உள்ள ஓர் எழுத்துப் பலகையைக் குறிவைத்து, திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது ஒரு காலை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். திரையில் எழுத்துகள் துள்ளும். எவ்வளவு தூரம் துள்ளுகின்றன, எத்தனை நொடியில் அடங்குகின்றன என்று பாருங்கள். அடுத்த ட்ரைபாடில் இதையே திரும்பச் செய்யுங்கள். எந்த விளம்பர அட்டையும் சொல்லாத வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். பிறகு மேல்பகுதியைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். பூட்டிலோ மூட்டிலோ தொளதொளப்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

கேமராவை ட்ரைபாடில் பூட்டும் தட்டு, 38 மி.மீ. அகலமுள்ள ஆர்க்கா-ஸ்விஸ் வகையா என்றும் பாருங்கள். பின்னால் வேறு ட்ரைபாட் தலை வாங்கினாலும் அந்தத் தட்டு பெரும்பாலும் பொருந்தும்.

வைக்கும் இடம்

எவ்வளவு விறைப்பான காலும் ஆடும் தரையை வெல்லாது. நடைமேம்பாலத்தில் ஆட்கள் நடந்தாலே ட்ரைபாட் நடுங்கும். நடமாட்டம் ஓய்ந்த இடைவெளி பார்த்து, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். காற்று வீசும்போது ட்ரைபாடின் அடியில் உள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடுவது ட்ரைபாட் சாயாமல் காக்கும். பை ஊசலாடினால் அந்த ஆட்டமே படத்தைக் கெடுக்கும் என்பதால், அது தரையைத் தொடும்படி விடுங்கள்.

தீபாவளி ஒளியூட்டு நாட்களில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் கால்களை விரித்து வைப்பது நடப்பவர்களுக்கு ஆபத்து. கேமராவில் உள் நிலைப்படுத்தி இருந்தால் அங்கே அது கைகொடுக்கும். அதற்கு ஐந்து ஸ்டாப் திறன் (ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கும்) என்றால், 30-ல் ஒரு பங்கு நொடிக்குக் கைதாங்குபவர் நல்ல சூழலில் ஒரு நொடி வரை முயலலாம். பத்து, இருபது நொடிப் படங்களுக்கு ட்ரைபாட்தான் வழி. தஞ்சைப் பெரிய கோவில், மாமல்லபுரம் போன்ற இந்தியத் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி தேவை என்பதையும் ஊருக்குப் போகும்போது நினைவில் வையுங்கள்.

குறைந்த பணத்தில் வாங்குபவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். உயரத்தை விடுங்கள், கார்பனை விடுங்கள், ஐந்தாவது பகுதியை விடுங்கள். மேல் குழாய் 22 மி.மீ.-க்குக் குறையாத, நான்கு பகுதிகள் கொண்ட, பூட்டுகள் உறுதியான அலுமினியக் காலை, பழையதானாலும் தயங்காமல் வாங்குங்கள். நாளை கேமரா மாறும், லென்ஸ் மாறும்; அந்தக் கால் அவற்றையெல்லாம் தாங்கிப் பல வருடம் உழைக்கும்.