கணக்கில் கூடிய காசு

மாத இறுதி நாளில் வீடு திரும்பும் வங்கி அலுவலரின் மனத்தில் எண்களைத் தவிர வேறெதற்கும் இடமிருப்பதில்லை. அப்படியொரு மாலையில், கடைக்குச் சென்று வந்த என் பதினொரு வயது மகனிடம் மீதிச் சில்லறையைக் கேட்டேன். நாற்பது ரூபாய் குறைந்தது. எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. காசாளரின் இருப்பில் குறைவு நேர்ந்தால் எப்படி விசாரிப்பேனோ, அப்படியே அவனையும் விசாரித்தேன். அவன் அழவில்லை. ஆனால் அடுத்த வாரம் கடைக்குப் போகச் சொன்னபோது, "நீங்களே போய்ட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

அப்போது பணிமாற்றத்தின் காரணமாக நாங்கள் கொல்கத்தாவில் இருந்தோம். அந்த வார ஞாயிறன்று, வீட்டில் நிலவிய மௌனத்தைக் கலைக்கும் பொருட்டு, வடகொல்கத்தாவின் ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் குடும்பத்து இல்லத்திற்குச் சென்றோம். இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அந்தச் செந்நிற மாளிகை, ஒரு காலத்தில் பெருங்கூட்டுக் குடும்பத்தின் வீடாகவும் பள்ளியாகவும் ஒருங்கே இருந்தது. அங்கிருந்து திரும்பியபின், இரவீந்திரநாத் தாகூர் 1912-இல் வெளியிட்ட இளமை நினைவுகளான 'ஜீவன்ஸ்ம்ருதி' நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். கவிஞரைத் தேடிச் சென்ற எனக்கு அதில் ஒரு சிறுவனும் அவன் கையிலிருந்த சில்லறையும் அகப்பட்டன.

வீடே பள்ளி

இரவீந்திரநாத் 1861-இல் பிறந்தவர்; தேவேந்திரநாத் தாகூரின் பிள்ளைகளுள் வளர்ந்து ஆளானவர்களில் கடைசியானவர். அவர் சில பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதுண்டு. எதிலும் மனம் ஒன்றவில்லை. உண்மையான படிப்பு வீட்டிலேயே நடந்தது.

விடியலுக்கு முன்பே எழுந்து மல்யுத்தப் பயிற்சி. உடலில் ஒட்டிய மண்ணின் மீதே சட்டையை அணிந்துகொண்டு இலக்கியம், கணிதம், வரலாறு, புவியியல். மாலையில் ஓவியமும் உடற்பயிற்சியும். விளக்கேற்றியபின் ஆங்கிலம். ஞாயிறு காலையில் இசை. அறிவியல் ஆசிரியர் ஒருவர், கண்ணாடிக் கலத்து நீரில் மரத்தூளை இட்டுச் சூடேற்றி, வெப்பம் நீரில் எவ்வாறு சுழல்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டினார். மருத்துவ மாணவர் ஒருவர் எலும்புகளின் பெயரைக் கற்பித்தார். அதற்காக வகுப்பறையில் ஓர் எலும்புக்கூடே தொங்கியது.

இவையெல்லாம் சிறுவனுக்கு இனித்தன என்று எண்ணிவிட வேண்டாம். அடைமழை பெய்யும் மாலையில் ஆங்கில ஆசிரியர் இன்று வரமாட்டார் என்று நம்பித் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவருடைய குடை தவறாமல் தோன்றிவிடும்! எனினும், முதலில் தாய்மொழியில் கற்றுத் தெளிய வேண்டும் என்று உறுதியாக நின்ற மூன்றாம் அண்ணன் ஹேமேந்திரநாத்துக்குப் பிற்காலத்தில் அவர் நன்றி கூறத் தவறவில்லை.

ஒருவர் படிக்கப் பலர் கேட்க

அந்த வீட்டில் புத்தகம் தனியொருவரின் உடைமையாக இருந்ததில்லை. முன்பு கிராமத்து ஆசிரியராக இருந்த பணியாளர் ஒருவர், மாலையில் மங்கிய விளக்கொளியில் சிறுவர்களைச் சுற்றி அமர்த்தி வங்காள இராமாயணம் படித்துக் காட்டுவார். பங்கிம் சந்திரர் 1872-இல் தொடங்கிய 'பங்கதர்சன்' மாத இதழ் வந்தால், பெரியவர்கள் படித்து முடிக்கும்வரை சிறுவன் காத்திருக்க வேண்டும். அண்ணியார் காதம்பரி தேவிக்குத் தானே படிப்பதைவிடப் பிறர் படிக்கக் கேட்பதே விருப்பம். மின்விசிறி இல்லாத அக்காலத்தில் அவர் வீசிக்கொண்ட கைவிசிறியின் காற்றில், படித்துக் காட்டிய சிறுவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1885-இல் மற்றோர் அண்ணியார் ஞானதானந்தினி தேவி, வீட்டுப் பிள்ளைகளும் எழுதும்படி 'பாலக்' என்ற சிறுவர் இதழையே தொடங்கினார்.

பணப்பெட்டியும் பொற்கடிகாரமும்

1873-இல் தந்தை தேவேந்திரநாத் தம் கடைசி மகனை நெடும்பயணம் அழைத்துச் சென்றார்: போல்பூர், அமிர்தசரஸ், பின்னர் இமயமலையின் டல்ஹௌசி. புறப்பட்டபோது மகனுக்கு வயது பதினொன்று. என் மகனின் வயதேதான்.

வழியெல்லாம் பாடம் நடந்தது. சமஸ்கிருதம் உண்டு, இரவில் விண்மீன்களைக் காட்டி வானியலும் உண்டு. ஆங்கிலத்திற்குப் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வாழ்க்கை வரலாறு. கதைபோல் இருக்கும் என்று தந்தை தேர்ந்தெடுத்த அந்நூலில், எதையும் ஆதாயக் கணக்காகவே பார்க்கும் ஒழுக்கத்தைக் கண்டு அவரே பொறுமையிழந்தாராம். சிக்கனத்திற்கு ஃபிராங்க்ளினை மேற்கோள் காட்டும் எங்கள் துறையினர் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

போல்பூரில் மகனிடம் சிறிது சில்லறை கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். தம் விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். காலை உலாவில் இரவலர்க்குக் காசு கொடுப்பது மகனின் வேலை. கணக்கு ஒருநாளும் பொருந்தவில்லை. ஒரு நாள் இருக்க வேண்டியதைவிடக் கையிருப்பு கூடுதலாகவே இருந்தது! உன்னை என் காசாளராக்கிவிட வேண்டியதுதான், உன் கையில் பணம் வளர்கிறதே என்று தந்தை வேடிக்கையாகச் சொன்னார். சிறுவன் ஆர்வத்தோடு சாவி கொடுத்த வேகத்தில், கடிகாரம் விரைவிலேயே பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்குச் சென்றது.

மலைப்பயணத்தில், வழிச்செலவுக்கான பணப்பெட்டியும் மகனிடமே இருந்தது. ஒரு நாள் தங்கும் விடுதியில் அதை மேசைமேல் மறந்து வைத்துவிட்டான். அதற்குக் கண்டிப்புக் கிடைத்தது. பெட்டியைக் கவனியாமல் விட்டதற்குக் கண்டித்தவர், கணக்குப் பொருந்தாததற்குச் சிரித்தார். இவ்விரண்டு பிழைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார்; நான் அறிந்திருக்கவில்லை.

கணக்கின் அருமை அறிந்தவர்

தேவேந்திரநாத் பணத்தின் மதிப்புத் தெரியாத செல்வந்தர் என்று கருத இடமில்லை. அவருடைய தந்தை துவாரகநாத், 1829-இல் கல்கத்தாவில் யூனியன் வங்கியைத் தொடங்கியோருள் முதன்மையானவர். அவர் 1846-இல் இலண்டனில் மறைந்தபின் குடும்பத்தின் வணிக நிறுவனம் வீழ்ந்தது, பெருங்கடன் மிஞ்சியது. அறக்கட்டளைப் பத்திரத்தால் காக்கப்பட்டிருந்த சொத்தைக் கடன் கொடுத்தோர் தொட முடியாது. அதையும் அவர்கள்முன் வைத்துக் கடனை அடைக்க முன்வந்தவர் தேவேந்திரநாத்.

முதுமையில் பார்வை மங்கியபின், மாதந்தோறும் இரண்டாம், மூன்றாம் தேதிகளில் எஸ்டேட்டின் வரவுசெலவை மகன் வாய்விட்டுப் படிக்க, அவர் கேட்பார். ஐயம் எழுந்த இடத்தில் நிறுத்தி விவரம் கேட்பார். எதையேனும் மறைத்துத் தாண்டிச் சென்றால் தப்பாது பிடிபடும். சில்லறைக் கணக்கைத் தவறவிட்ட சிறுவனே பின்னாளில் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டினான். குடும்பத்தின் நிலங்களையும் மேற்பார்த்தான்.

நம் இல்லத்தில்

இன்றும் நம் நாட்டில் பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் உள்ளன. 1989-இல் அமைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக அப்பிள்ளைகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுத முடியும். எல்லாருக்கும் அந்த வழி பொருந்தாது; ஜோராசாங்கோவைப்போல் ஆசிரியர் பலரை அமர்த்தும் வசதியும் நமக்கில்லை. ஆனால் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதற்கும், ஒரு சிறு தொகையைப் பிள்ளையிடம் நம்பி ஒப்படைப்பதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. பத்து வயது நிறைந்த சிறார், வங்கி விதிக்கும் வரம்புக்குட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அருகிலுள்ள கிளையில் இதுபற்றிக் கேட்டறியலாம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு உணவுக்குப்பின் ஒரு புத்தகத்தின் சில பக்கங்களை முறைவைத்துப் படிக்கிறோம். அதன்பின் வீட்டுச் செலவு நோட்டை மகன் வாய்விட்டுப் படிக்கிறான். நானும் என் கணவரும் கேட்கிறோம். அவன் மீண்டும் கடைக்குச் செல்ல இரண்டு மாதங்கள் ஆயின. அந்த நாற்பது ரூபாய் இன்றுவரை கிடைக்கவில்லை. கடந்த மாதம் கணக்கில் பன்னிரண்டு ரூபாய் கூடியது. "அம்மா, இடிக்குதும்மா" என்று அவனே வந்து சொன்னான். நாங்கள் மூவரும் நோட்டைச் சுற்றி அமர்ந்து தேடினோம்.