பழைய ரேடியோ பெட்டியை சுரண்டாதீர்கள்!

மும்பை தமிழர் வீடுகள் சிலவற்றில் இன்னும் பரண் மேல் ஒரு மரப்பெட்டி ரேடியோ இருக்கிறது. மில்லிலும், ரெயில்வேயிலும், ஆபீசிலும் வேலை பார்த்த பெரியவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்சு எடுக்க வேண்டும்!

இப்போது சோர் பஜாரில் இத்தகைய பெட்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நம் வீட்டு மர்பியையும் பளபளப்பாக்குவோம்" என்று உப்புத்தாளை எடுப்பவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து!

மேல் தோல்

பார்க்க முழுத் தேக்கு போலத் தெரியும். பெரும்பாலும் உள்ளே இருப்பது பிளைவுட்தான். மேலே ஒட்டிய மரத்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் வைத்துத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் பிளைவுட் பல்லிளிக்கும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்பாகத்தை ஒரு மெக்கானிக் கழற்றுவதே நல்லது. வால்வு செட்டின் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும்.

டயல் கண்ணாடியை மட்டும் ஈரத்துணியால் தொடாதீர்கள். ஊர்ப் பெயர்கள் பின்பக்கம் அச்சிடப்பட்டவை. தண்ணீர் பட்டாலே சிலவற்றில் உதிர்ந்துவிடும். மெட்ராஸ், சிலோன் என்று அப்பா ஊசியை நகர்த்தி நிறுத்திய எழுத்துகள் அவை. போனால் போனதுதான். மெல்லிய பிரஷால் தூசி தட்டினால் போதும்.

அழுக்கா, மெருகா?

கறுப்பாகத் தெரிவதில் பாதி அடுப்புப் புகையும் கை அழுக்கும்தான். சோப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பல பெட்டிகளுக்கு இதற்கு மேல் வேலையே இல்லை.

மெருகே போயிருந்தால், அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அசையாவிட்டால் வேறு லாக்கர். அதை விஷயம் தெரிந்த ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

அரக்கு பாலிஷ் நம் நாட்டுச் சரக்கு. மரக்கிளையில் ஒருவகைப் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டில் ஏராளமாகக் கிடைக்கிறது. ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-ம் ஆண்டிலேயே இதற்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். மும்பை கடைகளில் 'சப்டா' என்று கேட்டால் செதில் செதிலாகக் கொடுப்பார்கள்.

100 கிராம் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து, முடிச்சாக்கி, தொட்டுத் தொட்டு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். அரக்கின் பெருமை, புதுப்பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். எனவே பழையதைச் சுரண்டவே தேவையில்லை. பக்கத்தில் அடுப்போ, பீடியோ கூடாது!

மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். காற்றில் உள்ள ஈரத்தால் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் தீபாவளி வரை பொறுத்திருங்கள்.

பெட்டிக்குள் மாடல் நம்பர் எழுதிய காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். அதன் மேல் பாலிஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோர் பஜார் வியாபாரி முதலில் தேடுவது அதைத்தான்.