ஸ்டார் விட்டுவிட்டுப் போன நாட்குறிப்பு

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன விடுமுறையில் அவளுக்கு லினக்ஸ் கணினியில் டெர்மினலைப் பழக்கினேன். மவுஸைத் தொடாமல், கட்டளையைத் தட்டியே வேலை வாங்குவது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு நாள் தன் ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு நகலெடுத்தாள். ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் எழுதவில்லை. ஒரே ஒரு ஸ்டார் போட்டாள். படங்கள் வந்தன, கதைகள் வந்தன, அவள் நாட்குறிப்பு மட்டும் வரவில்லை.

"ஸ்டார்னா எல்லாமும்னுதானே சொன்னீங்க, சித்தப்பா?"

அப்படித்தான் சொல்லியிருந்தேன். முழுதாகச் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்று அவளுக்குச் சொன்ன மிச்சத்தை உனக்கும் சொல்கிறேன்.

சீட்டாட்டத்தில் ஜோக்கரைப் பார்த்திருப்பாய். எந்தச் சீட்டு குறைகிறதோ அந்தச் சீட்டாக அது நின்றுகொள்ளும். டெர்மினலில் * என்ற குறியும் அப்படித்தான். 'மா*' என்று எழுதினால், 'மா' என்று தொடங்கி அதன்பின் எது வந்தாலும் சரி என்று பொருள். மாதுளை, மாம்பழம் இரண்டு ஃபைலும் சிக்கும். பின்னால் எதுவுமே இல்லாமல் வெறும் 'மா' என்று ஒரு ஃபைல் இருந்தால் அதுவும் சிக்கும். ஸ்டாரை மட்டும் தனியாகப் போட்டால் என்ன பெயராக இருந்தாலும் சிக்க வேண்டும். சிக்காமல் போனது ஏன்?

நாட்குறிப்பைத் தம்பி பார்த்துவிடக் கூடாது என்று அதன் பெயருக்கு முன்னால் அவள் ஒரு புள்ளி வைத்திருந்தாள். '.நாட்குறிப்பு'. லினக்ஸிலும் மேக் கணினியிலும் புள்ளியில் தொடங்கும் பெயர் மறைவான பெயர். தமிழில் 'க' மேல் புள்ளி வைத்தால் அதிலிருந்த அகரம் காணாமல் போய் 'க்' ஆகிறது அல்லவா? இங்கே பெயரின் முன்னால் புள்ளி வைத்தால் பெயரே பட்டியலிலிருந்து காணாமல் போகிறது.

இந்த வழக்கத்தை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மர்ரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டத் தொடங்கினார்கள். லினக்ஸ் நடப்பது அது போட்ட பாதையில்தான். அவர்கள் அமைப்பில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இரண்டு விசேஷப் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. ஒற்றைப் புள்ளி என்றால் 'இந்த ஃபோல்டர்'. இரட்டைப் புள்ளி என்றால் 'இதற்கு மேலே உள்ள ஃபோல்டர்'. நடமாட இரண்டும் தேவை. ஆனால் ஃபைல்களைப் பட்டியலிடும் போதெல்லாம் இவையும் வந்து முன்னால் நின்றன. தொல்லையாக இருந்தது.

இருவரில் ஒருவர், பட்டியலிடும் நிரலில் ஒரு சின்னச் சோதனையைச் சேர்த்தார்: பெயரின் முதல் எழுத்து புள்ளியா? அப்படியானால் தாண்டிப் போ. முழுப் பெயரும் '.' அல்லது '..' தானா என்று பார்த்திருக்கலாம். முதல் எழுத்தை மட்டும் பார்ப்பது சுருக்கமாக இருந்தது. விளைவு? புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிறகு வந்தவர்கள் அதைப் பார்த்து, தங்கள் நிரல்களின் அமைப்புக் குறிப்புகளை ஒளித்துவைக்கப் புள்ளியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதே ஆய்வகத்தில் வேலை செய்த ராப் பைக் 2012இல் இந்தக் கதையை எழுதியபோது, அந்தக் குறுக்குவழி ஒரு தவறு என்றே சொன்னார்.

இன்றைக்கு உன் வீட்டு ஆண்ட்ராய்டு போனிலும் அந்தப் புள்ளி இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் '.நோமீடியா' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட காலி ஃபைல் ஒன்றை வைத்தால், அதிலுள்ள படங்கள் கேலரியில் வராது.

இப்போது ஸ்டாருக்குத் திரும்புவோம். ஸ்டாரை விரித்துப் பார்ப்பது யார்? நகலெடுக்கும் கட்டளை என்றுதான் அண்ணன் மகள் நினைத்தாள். இல்லை. நீ தட்டுவதை முதலில் வாங்கிப் படிப்பது ஷெல் என்ற நிரல். அது ஸ்டாரைக் கண்டதும் ஃபோல்டரைப் பார்த்து, பொருந்தும் பெயர்களை எல்லாம் அந்த இடத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே கட்டளையைக் கூப்பிடுகிறது. 'எக்கோ' என்ற கட்டளைக்கு, கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது தவிர வேறு வேலை தெரியாது. அதற்கு 'மா*' என்று கொடுத்துப் பார். 'மாதுளை மாம்பழம்' என்று திரையில் வரும். ஸ்டாரை அது பார்க்கவே இல்லை!

ஆரம்ப கால யூனிக்ஸில் இந்த விரிக்கும் வேலைக்கே 'குளோப்' என்று தனி நிரல் இருந்தது. 1971இல் அவர்கள் வைத்திருந்த கணினியின் நினைவகம் 24 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதில் அடங்காது. அதனால் எல்லா வேலையையும் ஷெல்லுக்குள் திணிக்காமல், ஸ்டார் வந்தால் மட்டும் குளோப்பைக் கூப்பிட்டார்கள். பிறகு அது ஷெல்லுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் புழங்குகிறது.

ஷெல்லும் அந்தப் புள்ளி வழக்கத்தை மதிக்கிறது. பெயரின் தொடக்கத்தில் புள்ளி இருந்தால் ஸ்டார் அதைத் தொடாது. புள்ளியை நீயே எழுதிக் காட்ட வேண்டும். அப்படியானால் '.*' என்று எழுதினால் போதுமா? இங்கேதான் கவனம் வேண்டும். '.' என்ற பெயரும் புள்ளியில்தான் தொடங்குகிறது. '..' என்பதும் அப்படியே. 'மறைவானதை எல்லாம் அழி' என்று நினைத்து '.*' எழுதினால், மேலே உள்ள ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும்! இப்போதைய அழிக்கும் கட்டளை அந்த இரண்டு பெயர்களைத் தொட மறுக்கும். பாஷ் என்ற ஷெல்லும் 2022இல் வந்த 5.2ஆம் பதிப்பிலிருந்து அவற்றைத் தானாகவே விட்டுவிடுகிறது. ஆனால் எல்லாக் கணினியிலும் புதிய பதிப்பு இருக்காது.

அதனால் பழையவர்கள் கண்டுபிடித்த வழி இது:

.[!.]*

முதலில் புள்ளி. அடுத்து, புள்ளி அல்லாத ஏதாவது ஓர் எழுத்து. பகர அடைப்புக்குள் இருக்கும் வியப்புக்குறிக்கு 'இது வேண்டாம்' என்று பொருள். அதன்பின் எதுவும். '.' மாட்டாது, ஏனென்றால் அதற்கு இரண்டாம் எழுத்தே இல்லை. '..' மாட்டாது, ஏனென்றால் அதன் இரண்டாம் எழுத்து புள்ளி. '.நாட்குறிப்பு' மாட்டிக்கொள்ளும். அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் யாராவது '..பலா' என்று பெயர் வைத்திருந்தால் இது அதையும் விட்டுவிடும். அதைப் பிடிக்க '..?*' என்று இன்னொரு வலை வேண்டும்.

அந்த ? தான் ஸ்டாரின் தம்பி. 'இந்த இடத்தில் சரியாக ஓர் எழுத்து' என்று அதற்குப் பொருள். தமிழ்ப் பெயர்களில் அதைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். 'மா' நமக்கு ஓர் எழுத்து. '?' போட்டால் அது சிக்காது, '??' போட்டால்தான் சிக்கும். கணினி யூனிகோடு முறையில் 'மா'வை 'ம' என்றும் கால் என்றும் இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. 'எள்'ளுக்கு மூன்று ? வேண்டும்: எ, ள, மேலே உள்ள புள்ளி. அதே காரணத்தால் 'ம*' என்று போட்டால் மாதுளை மட்டுமல்ல, மிளகு, முருங்கை, மேசை என்று மகரக் குடும்பமே வந்துவிடும். 'மே'யில் கொம்பை நாம் முதலில் எழுதினாலும் கணினி 'ம'வைத்தான் முதலில் வைக்கிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு அண்ணன் மகள் கேட்டாள்: "அப்ப புள்ளி வச்சா தம்பியால திறக்க முடியாதுதானே?"

முடியும். புள்ளி ஒரு திரைச்சீலைதான், பூட்டு இல்லை. பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'ஏ' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தும் சேர்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். உபுண்டுவின் ஃபைல் ஜன்னலில் கன்ட்ரோலையும் 'எச்' என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தினாலே போதும். யாரும் படிக்கக் கூடாத எழுத்து என்றால் கடவுச்சொல் போட்டு வைக்க வேண்டும். அவள் முகம் வாடியதும், அதை எப்படிச் செய்வது என்று அன்றே காட்டிக்கொடுத்தேன்.

நகலெடுக்க இன்னும் சுலபமான வழியும் உண்டு. ஃபோல்டருக்குள் நின்று ஸ்டார் போடாமல், வெளியே வந்து, நகலெடுக்கும் கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தும் சேர்த்து, ஃபோல்டரின் பெயரையே கொடுத்துவிடு. அப்போது பொருத்திப் பார்க்கும் வேலையே ஷெல்லுக்கு இல்லை. நகலெடுக்கும் கட்டளை உள்ளே போய், புள்ளி வைத்தது வைக்காதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். அவள் நாட்குறிப்பு அப்படித்தான் பென்டிரைவுக்குப் போய்ச் சேர்ந்தது.

உனக்கு ஒரு வேலை. '.??*' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்: புள்ளி, இரண்டு எழுத்து, பிறகு எதுவும். '.ஈ', '.பூ' என்று இரண்டு காலி ஃபைல்களை உருவாக்கி, எக்கோவிடம் '.??*' கொடுத்துப் பார். பூ மாட்டிக்கொள்ளும், ஈ தப்பிப் பறந்துவிடும். ஏன் என்று கண்டுபிடி.