சங்கிலி வாளும் சின்னப் பற்றும்: ஒரு தொழிற்கருவியின் சமூக வரலாறு

தொழிற்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே அதனை எழுதிவிடுகின்றனர். கருவியைக் கையிற் பிடித்து உழைத்தவன் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மரந்தறிக்கும் சங்கிலி வாள் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அதன் பொறிமுறை வளர்ச்சி பற்றிய செய்திகள் விரிவாகக் கிடைக்கின்றன. ஆனால் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் அதனைப் பயன்படுத்துவோர் தமது வாளின் வணிகச் சின்னத்தின்மீது கொண்டுள்ள ஆழ்ந்த பற்று, விளம்பரத்தின் விளைவென்றே எளிதாக ஒதுக்கப்படுகின்றது. தந்தை பிடித்த சின்னத்தையே மைந்தனும் பிடிப்பதும், ஒரு நிறத்து வாளை உடையவன் மற்றொரு நிறத்தானை எள்ளி நகையாடுவதும் அங்கு சாதாரண நிகழ்ச்சிகள். இப்பற்றின் பொருளியல் அடிப்படை யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலிற் கருவியின் வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்குவோம். பற்கள் பொருந்திய சங்கிலியால் அறுக்கும் எண்ணம் மருத்துவத்துறையிலேயே முதலில் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெவ்ரே என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் இருவர் எலும்பறுக்கச் சிறு சங்கிலி வாளைப் பயன்படுத்தினர். 1830 அளவில் ஜேர்மானியரான பேர்ணாட் ஹைனே, கையாற் சுழற்றி இயக்கும் எலும்பு வாளொன்றை அமைத்தார். காட்டுத் தொழிலுக்கேற்ற பொறி உருவாவதற்குச் சிறிய எஞ்சின்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1926இல் அன்ட்ரியாஸ் ஸ்டில் மின்சார வாளையும் 1929இல் பெற்றோல் வாளையும் ஜேர்மனியில் உருவாக்கினார். அங்கேயே 1927இல் எமில் லேர்ப் தமது பெற்றோல் வாளை டொல்மார் என்னும் மலையிற் பரிசோதித்து, அம்மலையின் பெயரையே அதற்கு இட்டார். இத்தொடக்ககால வாள்கள் ஏறத்தாழ நாற்பத்தைந்து தொடக்கம் அறுபது கிலோகிராம் வரை எடையுள்ளவை. இருவர் சேர்ந்தே அவற்றைத் தூக்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பெருமாற்றம் நிகழ்ந்தது. இலேசான உலோகக் கலவைகளும், எப்பக்கம் சரித்தாலும் இயங்கத்தக்க காபரேற்றரும் ஒருவரே கையாளும் வாளைச் சாத்தியமாக்கின. 1949இல் அமெரிக்க நிறுவனமான மக்கலக், 25 இறாத்தல் எடையுள்ள வாளை வெளியிட்டது. 1959இல் ஸ்டில் நிறுவனத்தின் ‘கொன்ட்ரா’ 12 கிலோகிராமாகக் குறைந்தது. 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கப்பெற்ற சுவீடனின் ஹஸ்க்வானா நிறுவனமும் அதே ஆண்டில் இத்துறையில் இறங்கியது. இன்றைய அறுப்புச் சங்கிலியின் மூலவடிவத்தை அமைத்தவர் மரந்தறித்துப் பிழைத்த ஜோசப் கொக்ஸ் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1946இல் ஒறிகன் மாநிலக் காட்டிலே மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக அரிவதை உற்றுநோக்கிய அவர், அவ்வியக்கத்தைத் தழுவிச் சங்கிலிப் பற்களை வடிவமைத்தார். உழைப்பின் அனுபவமே பொறியியலின் ஊற்றாக அமைந்தமைக்கு இது சான்று.

இருவர் செய்த வேலையை ஒருவர் செய்யத் தொடங்கியதும் எஞ்சிய பயன் யாருக்குரியது என்னும் வினா எழுந்தது. கென் கீசி 1964இல் வெளியிட்ட ‘சம்ரைம்ஸ் எ கிறேற் நோஷன்’ என்னும் நாவலின் களம் இதுவே. சங்கிலி வாள் வேலையாட்களின் தேவையைக் குறைத்துவிட, குறைந்த நேரத்துக்கும் பழைய கூலியே வேண்டுமெனத் தொழிற்சங்கம் வேலைநிறுத்தஞ் செய்கின்றது. ஒரு குடும்பம் மட்டும் அதனை மீறி மரந்தறிக்கின்றது. அக்குடும்பத்தின் தனிமனித வீரத்தைப் போற்றும் வாசகர் பலர், வேலைநிறுத்தத்தின் காரணத்தை மறந்துவிடுகின்றனர்.

சின்னப் பற்றின் வேரும் இவ்வுற்பத்தி உறவிலேயே உள்ளது. வட அமெரிக்காவிலும் சுவீடனிலும் மரந்தறிப்போரிற் பெரும்பாலோர் வெட்டிய மரத்தின் அளவுக்கேற்பத் துண்டுக்கூலி பெற்றவர்கள். அத்துடன் வாளையும் தாமே வாங்கினர். ஆலைத் தொழிலாளி முதலாளியின் இயந்திரத்தில் உழைக்கின்றான். அது பழுதடைந்தால் அதனைத் திருத்தும் செலவு முதலாளிக்குரியது. காட்டுத் தொழிலாளியோ உற்பத்திக் கருவியின் செலவையும் தானே சுமந்தான். கருவி அவன் உடைமையாயினும் காடும் மரமும் சந்தையும் அவனுடையனவல்ல. வாள் இயங்காத ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுடைய கூலியிற் கழிந்தது. எனவே நம்பத்தக்க வாள், அண்மையிலுள்ள முகவர், உடனே கிடைக்கும் உதிரிப்பாகம் ஆகிய மூன்றுமே அவனது சீவனோபாயத்தை உறுதிசெய்தன. ஒரு சின்னத்தின் பொறியைப் பிரித்துப் பூட்டப் பழகியவனுக்கு மற்றொன்றுக்கு மாறுவது தன் கைத்திறனின் ஒரு பகுதியை இழப்பதற்கு ஒப்பாகும். மகன் தந்தையின் சின்னத்தைத் தொடர்வதற்கும், தந்தையின் பட்டறையும் உதிரிப்பாகங்களும் அறிவும் அவனுக்கு முதுசமாக வந்தமையே காரணம். இதனைப் பொய்யுணர்வு என்று மட்டும் கூறி அமைவது முற்போக்கு விமர்சனத்துக்குப் போதாது. தொழிலாளியின் கணக்கு சரியானதே. ஆனால் அவனது திறனும் அவன் சார்ந்திருக்கும் நிலையும், பண்டத்துக்கு இயல்பாயுள்ள குணங்களாகத் தலைகீழாகத் தோற்றமளிக்கின்றன. பண்ட வழிபாடு என மார்க்ஸ் விளக்கியது இத்தோற்றத்தையே.

இத்தலைகீழ்த் தோற்றம் எதனை மறைக்கின்றது என்பதற்கு உடல்நலத்தின் வரலாறு சான்று பகரும். அதிரும் கருவியைத் தொடர்ந்து பிடிப்போரின் விரல்களிற் குருதியோட்டம் தடைப்பட்டு அவை வெளிறி மரத்துப்போகும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கல்லுடைப்போரிடையே இதனை அலிஸ் ஹமில்ற்றன் 1918இலேயே ஆராய்ந்திருந்தார். சங்கிலி வாள் பரவியபோது அந்நோய் காடுகளுக்கும் வந்தது. யப்பானின் அரசாங்கக் காடுகளிற் பெருகிய பாதிப்புக்கு எதிராகத் தொழிற்சங்கம் போராடியதன் பயனாக, 1969இல் வாளைப் பிடிக்கும் நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமாக மட்டுப்படுத்தப்பட்டது. பிரித்தானியாவில் அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது 1985இலேயே. சுவீடனிற் காட்டுத் தொழிலாளர் 1975இல், சங்கத் தலைமையின் ஒப்புதலையும் எதிர்பாராது, துண்டுக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். மாதச் சம்பளம் வந்ததும் விபத்துக்கள் குறைந்தன. ஆயினும் அதிர்வு தணிக்கும் கைப்பிடி, சங்கிலித் தடுப்பு ஆகியன விளம்பரங்களில் நிறுவனங்களின் கொடைகளாகவே தோன்றின. போராட்டத்தின் பெயர் எந்த வாளிலும் பொறிக்கப்படவில்லை.

மறுபுறத்தில் மூலதனத்துக்குச் சின்னப் பற்று எதுவும் இருக்கவில்லை. 1970களின் இறுதியில் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் ஹஸ்க்வானாவையும் அதன் சுவீடன் நாட்டுப் போட்டியாளரான ஜொன்சரெட்டையும் தன்வயப்படுத்தியது. 1991இல் டொல்மார் யப்பானின் மகீற்றாவுக்குச் சென்றது. 1999இல் முறிவடைந்த மக்கலக்கும் ஹஸ்க்வானாவின் கையில் வீழ்ந்தது. காலப்போக்கிற் செம்மஞ்சள் ஹஸ்க்வானாவும் சிவப்பு ஜொன்சரெட்டும் ஒரே அமைப்பில், ஒரே உற்பத்தியாளரால் ஆக்கப்பட்டன. ஹஸ்க்வானா 372, ஜொன்சரெட் 2172 ஆகியவற்றின் உள்ளுறுப்புக்கள் அடிப்படையில் ஒன்றே. எனினும் இரு நிறத்தாரின் பிணக்கு ஓயவில்லை. இலாபம் ஒரே பெட்டியிற் சேர, பகைமை மட்டும் தொழிலாளரிடையே பங்கிடப்பட்டது. இன்றும் குடும்ப உடைமையாயுள்ள ஸ்டில் நிறுவனமோ பழுதுபார்க்கும் முகவர் வழியாக விற்பதையே தன் பெருமையாக விளம்பரப்படுத்தியது. தொழிலாளியின் தேவையிற் பிறந்த உறவு இவ்வாறு விற்பனை உத்தியாயிற்று.

சுவீடன் போன்ற நாடுகளில் இன்று பெரும்பாலான மரங்களைத் தறிப்பன, ஆள் உள்ளிருந்து இயக்கும் பெரும் அறுவடைப் பொறிகளே. துண்டுக்கூலிக்கு மரந்தறித்தவன் காட்டைவிட்டு அகற்றப்பட்டுவிட்டான். அவனது பற்று மட்டும் விடுமுறை நாளில் விறகறுப்போரிடமும் பழைய வாள்களைச் சேகரிப்போரிடமும் எஞ்சியுள்ளது. அடித்தளம் பெயர்ந்த பின்னரும் அதன்மீது எழுந்த உணர்வு நிலைத்திருக்கக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அவ்வுணர்வைப் பரிகசிப்பது எளிது. அதற்குள் உறைந்திருக்கும் மறக்கப்பட்ட உழைப்பையும், வெளிறிய விரல்களையும், வேலைநிறுத்தங்களையும் மீட்டெடுத்து அவற்றை உரியவரின் பெயரில் எழுதுவதே ஆய்வாளர் கடன்.